கையெழுத்துப் போட்டது மாமா, ஆபரேஷன் அக்காவுக்கு: கேஸ் நிற்குமா?

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவுக்கு 41 வயது. குன்னூர் பக்கம் கொஞ்சம் தேயிலை, அவரும் மாமாவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ரொம்ப நாளாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்தது. மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். பேர் போட மாட்டேன், கேட்காதீர்கள். கட்டியை மட்டும் எடுக்கலாம், கர்ப்பப்பை இருக்கட்டும் என்று பேசி, அக்கா அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே கூட்டிப்போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் தியேட்டர் கதவைப் பாதி திறந்துகொண்டு வந்து, மாமாவிடம் ஒரு தாளை நீட்டினார். "கொஞ்சம் சிக்கல், பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கும், சீக்கிரம் போடுங்க." ஆங்கிலத் தாள். மாமா போட்டுவிட்டார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு குன்னூரில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டியபோதுதான் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அக்காவுக்கு இப்போது ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மருத்துவமனையில் கேட்டால், "உங்க ஆள்தானே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்று ஃபைலைத் திருப்பிக் காட்டுகிறார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, புண் ஆறிவிட்டது, உங்களுக்கு என்ன குறை என்கிறார்கள். கேஸ் நிற்குமா?

தேயிலைத்தூள்:

நிற்காது தம்பி. கணவர் கையெழுத்து இருக்கிறது. பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதம் வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. அவர்கள் விதிப்படி நடந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நம் மலையில் மகப்பேறு டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. எதற்கெடுத்தாலும் கேஸ் போட்டால் வருகிற ஒன்றிரண்டு பேரும் கோயமுத்தூரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். நாளைக்கு அவசரம் என்றால் பர்லியார் பனியில் ஆம்புலன்ஸில் கிடக்கப்போவது நம் வீட்டுப் பெண்கள்தான்.

ஊட்டி_வக்கீல்:

அண்ணன் சொல்லும் விதி 2002-ல் வந்த நன்னடத்தை விதிகளில் 7.16. அதை முழுசாகப் படியுங்கள். மலடாகக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி *இருவர்* சம்மதமும் வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட அறுவைக்கு மனைவிக்குப் பதிலாகக் கணவன் மட்டும் போட்டால் போதும் என்று அதில் இல்லை. பாதி விதியைக் காட்டி மீதியை மறைப்பது மருத்துவமனை அலுவலகங்களில் வாடிக்கை.

கோத்தகிரித் தம்பிக்கு: உங்கள் அக்கா கதைக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரு தீர்ப்பு இருக்கிறது. சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா, உச்ச நீதிமன்றம், 2008 ஜனவரி. டில்லியில் 44 வயதுப் பெண், திருமணம் ஆகாதவர், ரத்தப்போக்கு என்று போகிறார். சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப் வைத்துப் பார்க்கச் சம்மதித்து மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பை, குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். கோர்ட் என்ன சொன்னது? நோயாளி வயது வந்தவர், தானே முடிவெடுக்கக்கூடியவர், மயக்கம் தற்காலிகம்தான். அவர் கண் விழித்த பிறகு கேட்டிருக்கலாம். அம்மா கொடுத்தது சம்மதமே ஆகாது. உடனே செய்யாவிட்டால் உயிர் போகும், அல்லது உடலுக்குப் பெரும் கேடு வரும் என்றால் மட்டுமே கேட்காமல் செய்யலாம். "இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டாமே", "இன்னொரு செலவு வேண்டாமே" என்பதெல்லாம் காரணம் ஆகாது.

சம்மதம் வாங்கும் முன் டாக்டர் என்ன சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது: என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்கு இழுக்க முடியாது.

"ஆபரேஷன் நன்றாக நடந்தது" என்பது இங்கே பதிலே இல்லை. அலட்சியம் வேறு, சம்மதம் இல்லாமல் செய்வது வேறு. எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் எடுக்கச் சொல்லாததை எடுத்தது எடுத்ததுதான்.

தேயிலைத்தூள்:

சரி, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது? அதையும் சொல்லுங்கள் வக்கீல் சார்.

ஊட்டி_வக்கீல்:

25,000 ரூபாய். கேட்டது 25 லட்சம். அறுவை நடந்தது 1995-ல், தீர்ப்பு 2008-ல். டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்றும் கோர்ட் சொன்னது. மறைக்கவில்லை. சம்மதச் சட்டத்தில் அது பெரிய தீர்ப்பு, இழப்பீட்டில் சின்னத் தீர்ப்பு.

ஆனால் அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல், அப்படி ஒரு ஆபத்து இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்லாமல் அனுப்பினார்கள். பார்வை போய்விட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி கொடுக்கச் சொன்னது. அங்கேயும் அடிப்படை, சொல்ல வேண்டியதைச் சொல்லாததுதான்.

ஓடி_சிஸ்டர்_ஓய்வு:

முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டரில் நின்றவள். அந்தக் கதவைப் பாதி திறந்து தாளை நீட்டும் வேலையை நானும் செய்திருக்கிறேன். உள்ளே இருந்து "வெளியே போய் சைன் வாங்கிட்டு வா" என்று குரல் வரும். நமக்கே முழு விவரம் தெரியாது. வெளியே இருப்பவரின் கை நடுங்கும். என்ன எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் சொல்ல எனக்கும் அனுமதி கிடையாது.

தம்பி, டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். அது கடைசி நாள் டியூட்டி டாக்டர் எழுதுவது. முழு கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள்) நகல் கேளுங்கள். அதில் நான் முதலில் பார்ப்பது மயக்க மருந்து டாக்டரின் சார்ட். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், நாடி எல்லாம் புள்ளி வைத்திருப்பார்கள். ரத்தம் கட்டுக்கடங்காமல் போயிருந்தால் பிரஷர் இறங்கியது அதில் தெரியும், ரத்தம் ஏற்றிய நேரமும் பாட்டில் எண்ணும் இருக்கும். அப்புறம் ஆபரேஷன் நோட். அப்புறம் எடுத்த உறுப்பை பயாப்சிக்கு அனுப்பிய சீட்டும் அதன் ரிப்போர்ட்டும். மாமா போட்ட தாளில் நேரம் எழுதியிருக்கிறதா, அந்த நேரமும் சார்ட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நேரம் எழுதாத தாள்தான் நான் அதிகம் பார்த்தது.

எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும், அதே 2002 விதி. நோயாளியே கையெழுத்துப் போட்டுக் கேட்பது நல்லது. கேட்ட கடிதத்தின் நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மலைச்சர்ஜன்:

இங்கே டாக்டர் தரப்பில் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அரசுப் பணியில் இருக்கிறேன், மகப்பேறு என் துறை இல்லை, ஆனால் வயிறு திறப்பவன்.

கட்டியை மட்டும் எடுக்கப் போகும்போது கர்ப்பப்பைச் சுவரிலிருந்து ரத்தம் பீறிட்டு நிற்காமல் போவது நடக்கக்கூடியதே. அப்போது கர்ப்பப்பையை எடுப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். அந்த நிலையில் யார் கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது, சட்டமும் காத்திருக்கச் சொல்லவில்லை. அதனால் பேப்பரைப் பார்க்காமல் "அநியாயம்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நல்ல சர்ஜன் இந்த வாய்ப்பை முதல் நாளே நோயாளியிடம் சொல்லி, "அப்படி ஆனால் எடுக்கலாமா" என்று கேட்டு எழுதி வாங்கியிருப்பார். அதைச் செய்திருந்தால் பாதிப் பிரச்சினை கிடையாது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ரத்தப்போக்கை நிறுத்தக் கர்ப்பப்பையை எடுக்கலாம். 41 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எதற்கு எடுத்தார்கள்? ரத்தம் அங்கிருந்து வருவதில்லை. சினைப்பையில் சந்தேகப்படும்படி கட்டி இருந்தால், அல்லது சீழ், ஒட்டல் என்று ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதியிருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

கேஸ் இருக்கட்டும், முதலில் அக்காவை ஒரு மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று சினைப்பை போனால் மாதவிலக்கு நிற்கும் வயதுக்குப் பல வருடம் முன்பே அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறார். வியர்வை வெளியே தெரிவது. எலும்பு தேய்வதும் இதயத்துக்கு வரும் ஆபத்தும் தெரியாமல் வருவது. ஹார்மோன் மாத்திரை பொருந்துமா என்று இப்போதே பார்க்க வேண்டும். யாரும் இதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால், என்னைப் பொறுத்தவரை கையெழுத்துக் குறையைவிட அது பெரிய குறை.

பந்தலூர்வாசி:

கையெழுத்து, ஆங்கிலத் தாள் என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் வந்து பாருங்கள். பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணை ஆபரேஷனுக்குக் கூட்டி வருவார்கள். தாள் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், டாக்டர் சில சமயம் மலையாளத்தில். அந்தப் பெண் பேசுவது பணிய பாஷை. கட்டைவிரலில் மை தடவும்போது தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பேர் சம்மதமாம்!

நம் மலைக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டறிந்து எழுதியதே 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அந்த நோய் இருப்பவருக்கு மயக்கம் கொடுக்கும்போது ஆக்சிஜன் குறைந்தாலோ, உடம்பு குளிர்ந்தாலோ, நீர்ச்சத்து வற்றினாலோ ரத்த செல்கள் வளைந்து அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து மருத்துவமனைகளுக்குத் தெரியும், சோதித்துவிடுவார்கள். கீழே ரெஃபர் ஆகிப் போனால் யாராவது நாமே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் ஊர்ப் பழங்குடி சுகாதாரப் பணியாளர் பெண் ஒருவர் அதற்காகவே கூடப் போவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் சொன்ன பிறகு "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். டாக்டருக்குக் கோபம். எனக்கு அதுதான் உண்மையான பதிலாகத் தெரிந்தது.

2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், பிலாஸ்பூர் கருத்தடை முகாம் சாவுகளுக்குப் பிறகு, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி யோசிக்க நேரமும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கருத்தடைக்கு. மற்ற ஆபரேஷனுக்கும் அதே புத்தி வேண்டாமா?

எஸ்டேட்_பையன்:

ஒரு சந்தேகம். எங்கள் அப்பாவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தான் பார்த்தார்கள். நாங்களெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகவே முடியாதா?

ஊட்டி_வக்கீல்:

போகலாம். 1995 வி.பி. சாந்தா தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடம் மட்டும்தான் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி செலவு செய்தால் அது காசு கொடுத்து வாங்கிய சேவைதான். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினாலும் அப்படியே. அதனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் பார்த்தவர்களும் தாராளமாகக் கேட்கலாம்.

மலைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2019 நுகர்வோர் சட்டத்தில், மருத்துவமனை கோயமுத்தூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது ஊட்டியிலேயே. கட்டிய பில் ஐந்து லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். பெண்களுக்கும் பழங்குடி, பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

குந்தா_குமார்:

நுகர்வோர் கோர்ட்டெல்லாம் எதற்கு? நேரா ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட வேண்டியதுதானே.

ஊட்டி_வக்கீல்:

வேண்டாம். ஜேக்கப் மேத்யூ (2005) தீர்ப்புக்குப் பிறகு டாக்டர் மேல் கிரிமினல் நடவடிக்கைக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும்; வேறொரு டாக்டரின், முடிந்தவரை அரசு டாக்டரின், கருத்தும் வாங்க வேண்டும். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்த ஔரங்காபாத் வழக்கிலேயே (அறுவை 1963, தீர்ப்பு 1996) முடிவு இழப்பீடுதான். இப்படிப்பட்ட விஷயத்தில் ஸ்டேஷனுக்குப் போனால் மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடும், அக்கா பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றும். அவ்வளவுதான் மிச்சம்.

கேத்தி_மஞ்சு:

எல்லாம் படித்தேன். ஒன்று கேட்கட்டுமா அண்ணா? நீங்கள் இங்கே எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியுமா? கேஸ் வேண்டும் என்று அவர் சொன்னாரா? மாமா போட்டார், தம்பி கேட்கிறார், வக்கீல் சார் சொல்கிறார், சர்ஜன் சார் சொல்கிறார். ஆபரேஷன் ஆனவர் இந்த இழையில் எங்கேயும் இல்லையே.

கோத்தகிரிக்காரன்:

அவர் உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது இதையெல்லாம் போட்டுக் குழப்ப வேண்டாம் என்றுதான். நல்லதுக்குத்தானே கேட்கிறேன்.

கேத்தி_மஞ்சு:

அந்த டாக்டரும் அதையேதான் சொல்வார் அண்ணா.

கோத்தகிரிக்காரன்:

ஞாயிறு குன்னூர் போயிருந்தேன். மாமா தேயிலையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும்வரை அக்காவிடம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சினைப்பை எடுத்தது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. நான் முடிக்கும் முன்பே கேட்டது: "கேன்சரா? அதனாலதான் எல்லாரும் என்னைப் பார்த்தா பேச்சை நிறுத்துறீங்களா?"

இத்தனை நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பயாப்சி ரிப்போர்ட்டை யாரும் கையில் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பீரோவில் இருந்த இரண்டு நல்ல புடவையை மகளுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

பணம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எதுக்கு எடுத்தாங்கன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்றார். சிஸ்டர் சொன்னபடி கேஸ் ஷீட் கேட்டு அக்கா கையாலேயே கடிதம் எழுதி, முத்திரையும் வாங்கிவிட்டோம்.

கோத்தகிரிக்காரன்:

நகல் வந்துவிட்டது, கெடு தாண்டித்தான் கொடுத்தார்கள். பயாப்சியில் சாதாரணக் கட்டிதான், கேன்சர் இல்லை. இரண்டு சினைப்பையும் இயல்பாக இருக்கின்றன என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் நோட்டிலும் அப்படியே. மயக்க மருந்து சார்ட்டில் பிரஷர் பெரிதாக இறங்கியதாகத் தெரியவில்லை, ரத்தம் ஏற்றிய பதிவு எதுவும் இல்லை. மாமா போட்ட தாளில் நேரம் இல்லை.

மலைச்சர்ஜன்:

ரத்தம் ஏற்றவில்லை, பிரஷர் இறங்கவில்லை என்றால் அவசரம் என்ற வாதம் கடினம். சினைப்பைக்கு நோட்டில் ஒரு காரணமாவது எழுதியிருக்கிறதா?

கோத்தகிரிக்காரன்:

இல்லை சார். எடுத்ததாக மட்டும் ஒரு வரி.

மலைச்சர்ஜன்:

அந்தப் பக்கத்தை வக்கீலிடம் கொடுங்கள். பயாப்சி ஸ்லைடும் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியும் அவர்களிடம் இருக்கும், பத்திரப்படுத்தச் சொல்லிக் கடிதத்தில் சேருங்கள்.

தேயிலைத்தூள்:

சரி, இதில் அவர்கள் செய்தது தப்புத்தான் போல. ஆனாலும் சொல்கிறேன், இந்த இழையைப் படித்துவிட்டு மலைமேல் இருக்கும் அரசு டாக்டர் ஒவ்வொருவரும் நாளைக்கு "கீழே போங்க" என்று சீட்டு எழுதினால் அதற்கு யாரும் நோட்டீஸ் விட முடியாது.

மலைச்சர்ஜன்:

அந்தப் பயம் எனக்கும் உண்டு, எழுதவும் செய்கிறார்கள். ஆனால் நோயாளியிடம் பத்து நிமிஷம் பேசியதற்காக யாரும் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை. வெளி நோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிஷம் கிடைப்பதில்லை என்பது நிஜம். அதற்குத் திட்ட வேண்டியது வேறு ஆட்களை.

கோத்தகிரிக்காரன்:

அக்கா வக்கீல் சாரைப் பார்க்க வருகிறார். முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ், பதிலைப் பார்த்துத்தான் மற்றது என்று அவரே முடிவு செய்திருக்கிறார். மாமாவைப் பிரதிவாதி மாதிரி யாரும் பேசக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது கொஞ்சம் தூங்குகிறார்.

எஸ்டேட்_பையன்:

இழை திசை மாறுகிறது என்றால் மன்னிக்கவும். அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பைக் கல் ஆபரேஷன், லேப்ராஸ்கோப். என்ன கேட்க வேண்டும்?

மலைச்சர்ஜன்:

முதலில், வலி இருக்கிறதா? வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை, அதையே கேளுங்கள். வலி உண்டு என்றால், துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் சம்மதமா என்பதை அம்மாவிடமே முன்கூட்டிப் பேசச் சொல்லுங்கள். பித்தக் குழாயில் காயம் ஆவது ஆயிரத்தில் சிலருக்குத்தான், ஆனால் ஆகிவிட்டால் பெரிய வேலை. அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். செய்யப்போவது யார் என்று பெயர் கேளுங்கள்.

ஓடி_சிஸ்டர்_ஓய்வு:

தாளை முதல் நாள் மத்தியானமே வார்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் பச்சை கவுன் போட்ட பிறகு, மூக்குத்தியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எவரும் எதையும் படிக்க மாட்டார்கள். அம்மா கண்ணாடி போடுபவர் என்றால் அதை மறக்காமல் கொண்டுபோங்கள்.